வெறுங்காது

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி பழைய போட்டோ ஒன்றைப் போட்டிருந்தாள். சபையின் தகரக் கூரைக்குக் கீழே, சண்டே ஸ்கூல் பரிசளிப்பு நாளில், ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பாவோடு நாம் நிற்கிறோம். என் கையில் மட்டும் இரண்டு டப்பா. பின்வரிசையில் உங்கள் அம்மாக்கள். படத்துக்குக் கீழே இன்னொருத்தி என்னைக் கேட்டிருந்தாள்: "உங்க அம்மா சபைக்கு வந்ததே இல்லல்ல?"

நான் பதில் போடவில்லை. வந்திருக்கிறாள். ஒரு மழைக்காலம் முழுக்க, ஒரு ஞாயிறு விடாமல், என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருக்கிறாள். உங்களுக்கு அது மறந்துபோனதற்குக் காரணம் நான். உங்களில் பாதிப் பேர் இப்போது பெங்களூரில், மற்றவர்கள் என்னைப் போலவே சிப்காட்டில் ஏதோ ஒரு கேட்டுக்குள் காலையில் நுழைந்து மாலையில் வெளியே வருகிறவர்கள். நமக்கெல்லாம் முப்பது ஆகிறது. இனியும் சொல்லாமல் இருந்தால் நான் சொல்லவே மாட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். அது உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நானே பல முறை சொல்லியிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. உத்தனப்பள்ளிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து, சிப்காட்டை ஒட்டிய லைன் வீட்டில் இருந்தோம். ஒரே நீளக் கூரை, பதினான்கு கதவு, கடைசியில் எல்லோருக்குமாக இரண்டு கக்கூஸ். அப்பா இரும்பு உருக்கும் ஃபவுண்டரியில் கான்ட்ராக்ட் கூலி. அவருடைய சட்டைகளில் எல்லாம் பொறி தெறித்த பொட்டுப் பொட்டான ஓட்டைகள் இருக்கும். அம்மா ரோஜா ஷெட்டில் வேலை செய்தாள். பிளாஸ்டிக் கூரை போட்டு, வெளிநாட்டுக்கு அனுப்ப ரோஜா வளர்ப்பார்களே, அந்தப் பண்ணையைத்தான் ஷெட் என்போம். காலை ஆறரைக்கு வேன் வரும். நாள் முழுக்க நின்றுகொண்டே காம்பின் நீளம் பார்த்துப் பிரித்துக் கட்ட வேண்டும். அந்த ரோஜாவுக்கு வாசனை கிடையாது. சாயங்காலம் அம்மா வீட்டுக்குள் வந்தால் பூச்சிமருந்து வாசனைதான் வரும். விரல் நுனிகளில் முள் குத்திக் குத்திக் கறுத்த புள்ளிகள்.

ஷெட்டில் பெண்கள் ஒதுங்குவதற்கு இடம் இல்லை. லைனில் விடிவதற்கு முன்பே வாளியோடு வரிசை. அதனால் அம்மா பகலில் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள். உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. மாதத்தில் நாலு நாள் நீர்க்கடுப்பு வந்து, அடிவயிறு எரிகிறது என்று சுருண்டு படுத்துக்கொள்வாள். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், "தண்ணி நெறையக் குடிங்கம்மா" என்று சொன்னபோது அம்மா சிரித்தாள்.

"குடிக்கலாம் சிஸ்டர். குடிச்சிட்டு எங்க போறது?"

அந்த வருடம் ஆவணியில் அப்பா ஒரு வீடு பார்த்தார். கெலமங்கலம் ரோட்டில் ஒரு விவசாயி தன் ராகிக் கொல்லையின் ஓரத்தில் மூன்று சின்ன வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். ஒரு முன்னறை, ஒரு சமையலறை, உள்ளேயே குளிக்கவும் இடமுள்ள ஒரு கக்கூஸ். பார்க்கப் போன அன்று அம்மா நேராக அந்தக் கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்தி உள்ளே கொண்டியைப் போட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"என்னாடி, இன்னைக்கே குடி வந்துட்டியா?" என்று அப்பா கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து அம்மாவின் சிரிப்பு மட்டும் வந்தது.

அப்பா வீட்டுக்காரரிடம் தெலுங்கில் பேசி வாடகையைக் கொஞ்சம் குறைத்தார். அட்வான்ஸ் குறையவில்லை. தீபாவளி வரைக்கும் வேறு யாருக்கும் விடாமல் வைத்திருப்பதாக வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். அட்வான்ஸுக்கு என்ன வழி என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அம்மாவின் கம்மல். சிவப்புக் கல் பதித்த ஏழு கல் கம்மல். ஷெட் கூலியில் மூன்று வருடம் சீட்டுக் கட்டி அவளே வாங்கியது. தாலியில் இருந்த பொட்டுத் தங்கம் முன்பே ஒருமுறை அடகில் மூழ்கிப்போய், கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. எங்கள் வீட்டின் மொத்தத் தங்கமும் அம்மாவின் இரண்டு காதில் இருந்தது.

சபைக்கு முதலில் போனது நான்தான். கோடை விடுமுறை வகுப்பில் பிஸ்கட்டும் கலர் பென்சிலும் தருகிறார்கள் என்று லைனில் சொன்னார்கள். போனேன். வசனம் ஒப்பிப்பதில் எல்லோரையும் தோற்கடித்தேன். பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போனது. ஒரு அடி தமிழில், ஒரு அடி தெலுங்கில், ஒரு அடி கன்னடத்தில் என்று பாடுவார்களே, மூன்றுக்கும் கை தட்டுவாள். "வாரம் பூரா நிக்கறேன். இங்க ரெண்டு மணி நேரம் உக்காருன்னு சொல்றாங்க. இதுக்கே வரலாம்" என்பாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் ஜெபத்தின்போது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நம் சபையில் நகை போடக்கூடாது. நீங்கள் அதிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், உங்களுக்கு அது ஒரு விஷயமாகவே தெரிந்திருக்காது. எனக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. எங்கள் ஊரில் காதில் ஒன்றும் இல்லையென்றால் அவள் ஏழை, அல்லது புருஷனை இழந்தவள். இங்கே கம்பெனி மேனேஜரின் மனைவி, நம் மேனேஜர் ஆன்ட்டி, வெறுங்காதோடு வருவார். வெறுங்கழுத்து, மொடமொடப்பான காட்டன் புடவை, மணிக்கட்டில் தங்க நிறத்தில் ஒரு வாட்ச். ஸ்கூல் டீச்சர் அக்கா வெறுங்காது. பேஸ்டரம்மா வெறுங்காது. காதில் கம்மலோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் லைன் வீட்டுக்காரர்கள், புதிதாக வந்தவர்கள், ஷெட் வேனில் ஏறுகிறவர்கள். நம் சபையில் வெறுங்காதுதான் பணக்காரத்தனம் என்று நான் புரிந்துகொண்டேன். அம்மா தலையை ஆட்டி ஆட்டிப் பாடும்போது அந்தச் சிவப்புக் கல் டியூப்லைட் வெளிச்சத்தில் மின்னும். எனக்குக் கூசும். நான் அவளுக்கும் மேனேஜர் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்து மறைத்துக்கொள்வேன்.

கிறிஸ்துமஸ் மாதத்தில் ஞானஸ்நானம் என்று அறிவித்தார்கள். அம்மா தானாகவே போய் பேஸ்டரம்மாவிடம் பெயர் கொடுத்தாள்.

"ரொம்ப சந்தோஷம் சிஸ்டர். கம்மலைக் கழட்டிட்டீங்கன்னா பேரை எழுதிடலாம்."

"கழட்டிட்டு?" என்று அம்மா கேட்டாள்.

அதற்குள் மைக் ஊளையிட்டது. பேஸ்டரம்மா அதைப் பார்க்க ஓடினார். கேள்வி அப்படியே நின்றது. வீட்டுக்கு வந்ததும் அதற்கு நான் பதில் சொன்னேன்.

அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து களி கிண்டிக்கொண்டிருந்தாள். நான் வேதப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தேன்.

"கழட்டுறது சரி பாப்பா. கழட்டி என்னா பண்றது?"

"ஆண்டவருக்குக் குடுத்துடணும்."

"அப்படி எழுதியிருக்குதா?"

"எழுதியிருக்குது."

"எங்க?"

ஏழை விதவையின் கதை இருக்கும் பக்கத்தைத் திறந்து ஒரு வரியின் மேல் விரலை வைத்தேன். அந்த வரியில் கம்மலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அம்மா களி ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நான் காட்டிய இடத்தைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. எனக்குத் தெரியும்.

பிறகு கதையைச் சொன்னேன். கோயில் பெட்டியில் பணக்காரர்கள் எல்லாம் நிறையப் போட்டார்கள். புருஷன் இல்லாத ஒரு ஏழை வந்து கையில் இருந்த இரண்டு சின்னக் காசையும் போட்டாள். எல்லோரையும் விட இவள்தான் அதிகம் போட்டாள் என்று இயேசு சொன்னார். இந்தக் கதைக்குத்தான் எனக்கு முதல் பரிசு கிடைத்திருந்தது.

"அப்பறம்?" என்றாள் அம்மா.

"அப்பறம்னா? அவ்ளோதான்."

"மறுநா அந்தம்மா என்னா தின்னா?"

சண்டே ஸ்கூலில் யாரும் அதைக் கேட்டதில்லை. புத்தகத்திலும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. "உனக்குப் படிப்பு இல்ல. அதான் இப்படிக் கேக்கற" என்றேன்.

அம்மா களியை இன்னும் இரண்டு சுற்றுக் கிண்டினாள். "அப்ப வூடு?"

"ஆண்டவர் தருவாரு. நூறு மடங்காத் தருவாரு."

"நீ படிச்ச புள்ள. பொய்யா சொல்லப்போற?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் இரண்டு கம்மலையும் அப்பாவின் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையில் முடிந்து எடுத்துவந்தாள். காணிக்கைப் பை எங்கள் வரிசைக்கு வந்தது. அந்த முடிச்சை உள்ளே போடுவதற்கு முன் ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தார்.

"காது என்னாச்சு?"

"சாமிக்குக் குடுத்துட்டேன்."

"உங்க சாமிக்குக் காது குத்தியிருக்குதா?" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அப்பா கையில் இருந்த டிபன் கேரியரை மெதுவாகக் கீழே வைத்தார். "அந்த ராகிக் கொல்லைக்காரருக்கு என்னா சொல்றது?"

"சாமி குடுக்குமாம். பாப்பா படிச்சுச் சொல்லுச்சு."

அப்பா என்னைப் பார்த்தார். கொதிக்கிற இரும்பைச் சட்டியில் ஏந்திக்கொண்டு நடக்கிறவர், என் கையில் இருந்த புத்தகத்துக்குப் பயந்தார். ஒன்றும் கேட்காமல் முகம் கழுவப் போனார். எங்கள் வீட்டில் நடந்த பெரிய பிழை அதுதான். பன்னிரண்டு வயதுக்காரி ஒருத்தி ஏழாவது படிக்கிறாள் என்பதற்காக இரண்டு பெரியவர்கள் அவள் சொன்னதை நம்பினார்கள்.

துளை தூர்ந்துவிடாமல் இருக்க அம்மா காதில் வேப்பங்குச்சி செருகிக்கொண்டாள். அதையும் நான் விடவில்லை. "பேஸ்டரம்மா பாத்தா என்ன நெனப்பாங்க?" என்றேன். சபைக்குப் போகும்போது எடுத்துவிட்டு, திரும்பி வந்ததும் செருகிக்கொண்டாள்.

அந்த வாரமே, மழைக்குப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்த ஒரு நாள், பேஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் தனியாக இருந்தேன். பைக்கை லைன் முனையில் நிறுத்திவிட்டு, சேற்றில் பேன்ட்டை மடித்துவிட்டு நடந்து வந்தார். கையில் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை.

"அம்மா இல்லையாம்மா?"

"ஷெட்டுக்குப் போயிருக்காங்க பேஸ்டர்."

"இதை அம்மா தெரியாம பையில போட்டுட்டாங்க போலிருக்கு. கழட்டி வீட்ல வெச்சுக்கறதுதாம்மா வழக்கம். யாரும் காணிக்கையில போடறதில்ல. எங்க வீட்லயும் அப்படித்தான். இந்தா, பத்திரமா வெச்சு அம்மாகிட்ட குடுத்துடு."

கையை நீட்டினார். நானும் நீட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வாங்கினால் நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடும். அதைவிட, வாங்கினால் நாங்கள் ஏழைகள் என்று ஆகிவிடும்.

"இல்ல பேஸ்டர்" என்றேன். "அம்மா தெரிஞ்சுதான் போட்டாங்க. ஆண்டவருக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்க மாட்டோம்னு சொன்னாங்க."

அவர் மழையிலேயே நின்றார். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. அதைக் கழற்றித் துடைத்தபோது கண்ணையும் துடைத்துக்கொண்டார். "இப்படி ஒரு விசுவாசமா" என்றார். என் தலையில் கை வைத்து ஜெபித்தார். அந்த ஆசீர்வாதத்தையும் நான் கண்ணை மூடி வாங்கிக்கொண்டேன்.

அவர் நல்ல மனிதர். அவர் குடியிருந்த வாடகை வீடே மழைக்கு ஒழுகும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாயங்காலம் வரை இருந்து அம்மாவையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் அவ்வளவு திருத்தமாகப் பேசினேன்.

அம்மா வந்ததும், "ஆராவது வந்தாங்களா? வாசல்ல பூட்ஸ் காலு பதிஞ்சிருக்குது" என்றாள்.

"இல்ல" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். பேஸ்டர் ஏழை விதவையின் கதையில் ஆரம்பித்தார். பிறகு, "இந்தச் சபையில ஒரு சகோதரி" என்றார். ஒரு லைன் வீட்டுக்குள் குடியிருக்கிற சகோதரி, தனக்கென்று இருந்த ஒரே பொருளை ஆண்டவருக்குக் கொடுத்த கதையைச் சொன்னார். அம்மா அதை வேறு யாரோ ஒருத்தியின் கதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பாவம் என்பதுபோல உச்சுக்கூடக் கொட்டினாள்.

"திருப்பிக் குடுக்க நானே அவங்க வீட்டுக்குப் போனேன். வாங்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க" என்று சொல்லி, பேஸ்டர் சட்டைப் பையிலிருந்து அந்தக் கைக்குட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

அம்மாவுக்கு அந்த நீலக் கட்டம் தெரிந்துவிட்டது. மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சபை முழுக்க அல்லேலூயா.

"அந்தச் சகோதரி எழுந்து நின்னு ஒரு வார்த்தை சாட்சி சொல்லட்டும்" என்றார் பேஸ்டர்.

அம்மா எழுந்தாள். நிற்கவில்லை. பாய்களுக்கு நடுவில், உட்கார்ந்திருந்தவர்களின் கால்களைத் தாண்டித் தாண்டி நடந்து மேடைக்கு முன்னால் போனாள். வலது கையை நீட்டினாள்.

"குடுங்க ஐயா."

பேஸ்டருக்குப் புரியவில்லை. "சிஸ்டர்?"

"என்துதானுங்களே. வூட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கணும். தெரியாம போட்டுட்டேன்."

மைக் அதை வாங்கிச் சபை முழுக்கச் சொன்னது. பின்னால் யாரோ சிரித்தார்கள். என் மகள் சொன்னாள் என்று அவள் சொல்லவில்லை. பேஸ்டர் அம்மாவின் தலைக்கு மேலாக என்னை ஒருமுறை பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. அவரும் சொல்லவில்லை. முடிச்சை இரண்டு கையாலும் அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஒரு பாட்டைத் தொடங்கினார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பார். அன்று அவர் சொல்லியிருந்தால் நான் இன்று இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

அம்மா முடிச்சைப் புடவைத் தலைப்பில் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எழுந்து மேனேஜர் மகளின் பாய்க்குப் போனேன். அவள் குடும்பம் நாகர்கோவில் பக்கம். அவள் என் காதில், "எங்க அம்மை இப்படிச் செஞ்சா நான் அங்கனயே செத்துருவேன், கேட்டியா" என்றாள்.

"அவங்களுக்குப் படிப்பு கிடையாது" என்றேன்.

நீ இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளாதே. உனக்கும் அன்று பன்னிரண்டு வயதுதான்.

தீபாவளிக்கு முன்னாலேயே கெலமங்கலம் ரோட்டு வீட்டுக்குக் குடிபோனோம். கம்மல் அடகுக் கடைக்குப் போனது. முதல் நாள் மத்தியானம், வெயில் ஏறின நேரத்தில், அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு சொம்பு மொண்டு அதையும் குடித்தாள். அவ்வளவு தண்ணீரை அவள் பகலில் குடித்து நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகும் இரண்டு வாரம் சபைக்கு வந்தாள். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஆனால் பாயில் அவளைச் சுற்றி இடம் காலியாக இருந்தது. ஞானஸ்நானப் பட்டியலைப் பற்றிக் கேட்டபோது, "அவசரமில்ல சிஸ்டர், ஆயத்தமானதும் எழுதிக்கலாம்" என்றார் பேஸ்டரம்மா. மூன்றாவது வாரம், "நீ போய்ட்டு வா பாப்பா, எனக்குத் துணி நெறையாக் கெடக்குது" என்றாள். மறுபடி அவள் வரவே இல்லை. துணி துவைக்கும்போது அந்தப் பாட்டுகளைப் பாடுவாள், மூன்று மொழியிலும்.

நான் போனேன். மேனேஜர் வீட்டுக்கும் போய்வர ஆரம்பித்தேன். ஒருநாள் அவர் மகள் பீரோவைத் திறந்து துணிக்கு அடியிலிருந்து சிவப்பு நிற நகைப் பெட்டிகளை எடுத்துக் காட்டினாள். அவளுடைய அம்மா கழற்றிய நகைகள். வளையல் பெட்டி மட்டும் காலி. "வளையலைக் கொடுத்துத்தான் பாகலூர் ரோட்டுல பிளாட் வாங்குனோம்" என்றாள். அவர்கள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அம்மா தன் கம்மலை வைத்துச் செய்ததும் அதேதான். எனக்கு அது அன்றைக்கே, அந்தப் பீரோவுக்கு முன்னால் நிற்கும்போதே புரிந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அறியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இல்லை.

ஏனென்றால் அதற்குப் பிறகுதான் வெள்ளிக்கிழமை வாலிபர் ஜெபத்தில் நான் எழுந்து நின்று முதல் தடவை அந்த ஜெபக் குறிப்பைக் கொடுத்தேன். "என் அம்மாவுக்கு இருக்கிற பண ஆசை விலக ஜெபம் பண்ணிக்கோங்க."

நீங்கள் அழுதீர்கள். ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அம்மா கையை நீட்டிய அந்தக் காட்சியை எல்லோரும் பார்த்திருந்தீர்கள், அதனால் என்னை உடனே நம்பினீர்கள். அப்படிப்பட்ட அம்மாவுக்கு இப்படிப்பட்ட மகளா என்ற பார்வை எனக்கு இனித்தது. வாராவாரம் கொடுத்தேன். அந்த வீட்டிலிருந்து, கதவும் கொண்டியும் உள்ள அந்தக் குளியலறையில் குளித்துவிட்டுத்தான் வந்து கொடுத்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, வீட்டு ஜெபம் எங்கள் வீட்டில் வைக்கலாமா என்று கேட்டார்கள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "வரட்டும், வரட்டும். எடம் இருக்குதே" என்று ஷெட்டுக்கு லீவு போட்டாள். ஒருநாள் கூலி போனது. பக்கத்து வீட்டில் நாற்காலி கேட்டு வாங்கினாள். அப்பாவைக் கடைக்கு விரட்டி கிரீம் பிஸ்கட் வாங்கிவரச் சொன்னாள். அடகிலிருந்து மீட்ட கம்மலைக் காலையிலேயே கழற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்தாள். யாரும் சொல்லவில்லை. வருகிறவர்களுக்கு மரியாதை என்று அவளே செய்தாள்.

பன்னிரண்டு பேர் வந்தீர்கள். முன்னறை நிறைந்துவிட்டது. மேனேஜர் ஆன்ட்டி ஜெபத்தை நடத்தினார். அம்மா சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஆன்ட்டியின் குரல் உயர்ந்தது. "ஆண்டவரே, இந்த மகளுடைய தாயாரைப் பிடிச்சிருக்கிற பண ஆசையை இன்னைக்கே வேரோட பிடுங்கிப் போடும்" என்றார். நீங்கள் எல்லோரும் ஆமென் ஆமென் என்றீர்கள்.

நான் கண்ணைத் திறந்தேன். அம்மா டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். ஜெபம் நடக்கும்போது உள்ளே வரக்கூடாது என்று அங்கேயே நின்றவள், அதுவரை கண்ணை மூடியிருக்க வேண்டும். அப்போது திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜெபம் முடிந்தது. அம்மா வந்து ஒவ்வொருவருக்கும் டீ கொடுத்தாள். "சக்கரை பத்துதுங்களா அக்கா?" என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தாள். டீ குடித்து முடித்ததும் மேனேஜர் ஆன்ட்டி எழுந்து, "பாத்ரூம் எங்க இருக்கும்மா?" என்றார்.

"வாங்கக்கா, இதோ உள்ளதான்" என்று அம்மா முன்னால் நடந்தாள். தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு வாளியை நிரப்பி வைத்தாள். புதுச் சோப்பு ஒன்றைப் பிரித்து வைத்தாள். "கொண்டி கொஞ்சம் இறுக்கமா இருக்கும், அழுத்திப் போடுங்கக்கா" என்றாள்.

அவரைப் பார்த்து இன்னொருவர், பிறகு இன்னொருவர். நாலு பேர் போய்வந்தார்கள். நாலு பேருக்கும் அம்மா தனித்தனியாக வாளி நிரப்பிக் கொடுத்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கிரீம் பிஸ்கட்டைப் பிரித்து ஒரு பக்கத்தை நக்கிக்கொண்டிருந்தேன். எழுந்து ஒரு வாளி நிரப்பவில்லை.

எல்லோரும் போன பிறகு அம்மா டம்ளர் கழுவினாள். நான் துடைத்து வைத்தேன்.

"நீதான் சொன்னியா?"

"ம்."

"எத்தினி நாளா?"

"ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு."

ஒரு டம்ளரை அலசிக் கவிழ்த்தாள். "வாராவாரமா?"

"ஆமா."

"அத்தன பேரும் எனக்காக வேண்டிக்கிட்டாங்களா?"

"ஆமா."

"பாவம்" என்றாள். "அவங்கவங்களுக்கு எத்தினி கஷ்டம் இருந்திருக்கும்."

அவ்வளவுதான். அதற்கு மேல் இன்றுவரை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என்னை இன்ஜினியரிங் சேர்க்க அந்தக் கம்மல் மறுபடி அடகுக் கடைக்குப் போனது. அப்போதும் பேச்சு வரவில்லை. மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். அவள் ஏதாவது சாப்பிடச் சொல்லிவிடுவாள்.

அந்த அறையில் நீங்கள் கண்ணை மூடி ஜெபித்தது உண்மையான ஜெபம். நான் கொடுத்த குறிப்புதான் பொய். பணத்தின் மேல் ஆசையாக இருந்தவள் நான். மேனேஜர் வீட்டு வெறுங்காது எனக்கு வேண்டியிருந்தது, அதை அம்மாவின் காதில் பார்க்க ஆசைப்பட்டேன்.

உங்களில் யாராவது இன்னும் ஜெபக் குறிப்பு நோட்டு வைத்திருக்கிறீர்களா என்று தெரியாது. வைத்திருந்தால் அம்மாவின் பெயரை அடித்துவிடுங்கள். பக்கத்திலேயே என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். காரணம் அதேதான், அதை மாற்ற வேண்டாம்.